இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் யாரும் சொன்னபடி செய்வதில்லை?

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களைப் பார்த்து இதே கேள்வியை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதம் ஏலகிரி ஏறும்போது வலது கை வெந்தது. அதற்குப் பிறகு கேட்பதில்லை.

முதலில் வகுப்பறை. பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 13 முதல் 22 வரை. ஏழு எழுதினால் போதும், ஆனால் 22ஆம் வினா கட்டாயம் என்று அந்தப் பகுதியின் தலையிலேயே அச்சடித்திருக்கும். வினாத்தாளைப் படிப்பதற்கென்றே பொதுத்தேர்வில் பத்து நிமிடம் தனியாகத் தருகிறார்கள். நானும் ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வேன். "புரிந்ததா?" என்றால் நாற்பது பேரும் ஒரே ராகத்தில் "புரிந்தது சார்" என்பார்கள். அரையாண்டுத் தாள் திருத்த உட்கார்ந்தால் 13 முதல் 19 வரை வரிசையாக ஏழு விடைகள், முத்து முத்தான கையெழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு. 22 மட்டும் இருக்காது. ஏழாவதாக எழுதியதற்கு மதிப்பெண் போட முடியாது. கடைசி பெஞ்சுப் பையன்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணும் இதே வேலையைச் செய்திருக்கிறாள். திமிர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனி என் கதை. பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். காட்பாடியில் எனக்கு வழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரைக் கழுவி, அதில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டைப் புதிதாக ஊற்றிக் கொடுத்தபோது சொன்னார்: "சார், குறைந்தால் என்னிடம் வாருங்கள். வீட்டு போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்." எங்கள் ஊர் போர் தண்ணீரை நான்கு நாள் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள். கடின நீர் என்று நானே பாடம் நடத்துகிறேன். "புரிந்தது" என்றேன், என் மாணவர்கள் சொல்லும் அதே ராகத்தில். மூன்று மாதம் கழித்து அளவு குறைந்திருந்தது. குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊற்றினேன். அடுத்த மாதமும் ஊற்றினேன்.

ஏலகிரி 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு இன்னமும் அது வட ஆர்க்காட்டு மலைதான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். பாதி மலையில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. பாரி வளைவா ஓரி வளைவா என்று பலகையைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். "கொஞ்சம் ஆறட்டுமே, என்ன அவசரம்?" என்றாள் மனைவி. ரேடியேட்டர் மூடியின் மேலேயே சூட்டில் திறக்காதே என்று எழுதியிருக்கிறது. துண்டைச் சுற்றிக் கால் திருகுதான் திருகியிருப்பேன்.

அந்த மூடி பிரஷர் குக்கரின் வேலையைச் செய்கிறது. உள்ளே அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடினால், தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் தளர்த்திய கணத்தில் அழுத்தம் போய்விடும், நின்ற தண்ணீர் அப்படியே ஆவியாகச் சீறும். முந்தைய டிசம்பரில்தான் குக்கர் படம் போட்டு இதை ஒரு பீரியட் முழுக்க விளக்கியிருந்தேன். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை முழங்கை வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள் மனைவி. பின்னால் வந்த ஒரு வேன் டிரைவரும் இரண்டு பாட்டில் கொடுத்தார். கொப்புளத்தோடு தப்பித்தேன்.

கட்டுப் போட்ட கையோடு யோசித்துப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னபோது காது சும்மா இருந்தது, கை சாவியை வாங்கிக்கொண்டிருந்தது. கை வேலை செய்தபோது சொன்னவர் பக்கத்தில் இல்லை. மூடியில் எழுதியிருந்தது கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் நான் அப்போது மூடியைப் பார்க்கவில்லை, ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாணவர்களின் கண்ணும் அப்படித்தான் தலைப்பைத் தாண்டி நேராக 13க்கு ஓடுகிறது. தெரிந்த கேள்வி எதிரே கிடக்கும்போது அறிவிப்பை யார் படிப்பார்கள்?

மெக்கானிக் திட்டவில்லை. ரேடியேட்டரைப் பிரித்து, உள்ளே படிந்த வெள்ளையை எனக்குக் காட்டினார். மறுபடி மாட்டிவிட்டு, மூடியின் குறுக்கே ஒரு மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டினார். "இனி திறக்க வேண்டுமென்றால் முதலில் இதை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது என் ஞாபகம் வரும்" என்றார்.

வகுப்பில் நானும் ஒரு கம்பி கட்டினேன். இரண்டு மதிப்பெண் பகுதிக்கு வந்தால் முதலில் 22, பிறகுதான் 13. எல்லாத் தேர்விலும் அதே வரிசை, வேறு பேச்சே இல்லை. அறிவுரையைக் குறைத்துவிட்டேன். 22ஐ விடுகிறவர்கள் இப்போது ஓரிருவர்தான். ஒரு பையன் 22 என்று எண் போட்டு, அதன் கீழே 21க்கான விடையை எழுதியிருந்தான், அது வேறு விஷயம்.

போன மாதம் காரைத் தண்ணீர் சர்வீசுக்கு விட்டேன். திரும்ப வாங்கும்போது அங்கிருந்த பையன் உற்சாகமாகச் சொன்னான்: "சார், ரேடியேட்டரில் தண்ணீர் குறைவாக இருந்தது, நிரப்பிவிட்டேன்." கம்பியைக் கழற்றி, அழகாகச் சுருட்டி, டேஷ்போர்டின் மேல் வைத்திருந்தான்.