247க்கும் 251க்கும் நடுவில் – கடிதம்

அன்புள்ள சார்,

டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கம்ப்யூட்டர்போல நடிக்கும் மென்பொருள்) அசெம்பிளி, அதாவது சிப்பிடம் நேரடியாகப் பேசும் மொழி, பழகுகிறேன். திரையில் தீ எரிவதுபோல் காட்டும், இணையத்தில் கிடைத்த ஒரு நெருப்பு எஃபெக்டை அப்படியே தட்டச்சு செய்தேன், ஓடியது. அதையே சி மொழியில், முழு எண்களுக்குப் பதிலாகத் தசமப் புள்ளி எண்களை வைத்து எழுதினால் தீ அணையாமல் உச்சிவரை புகைமாதிரி பரவிவிடுகிறது. ஏன்? அசெம்பிளியை மெஷின் மொழியாக மாற்ற எந்த அசெம்ப்ளர் நல்லது? இதெல்லாம் ஷேடரில் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சின்ன நிரல்) பத்து வரிதான் என்று நண்பன் சிரிக்கிறான். கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு பாவம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்வேன்.

கே.

அன்புள்ள கே,

நண்பன் சிரிக்கட்டும். அசெம்ப்ளர் கையில் எது இருக்கிறதோ அது. தீ விஷயம் சின்னது: பக்கத்திலுள்ள நான்கு புள்ளிகளின் சூட்டைக் கூட்டி இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளும்போது, அதாவது நான்கால் வகுக்கும்போது, மீதி உதிர்ந்துவிடுகிறது, அப்படி உதிர்வதில்தான் சூடு குறைகிறது. தசமத்தில் எதுவும் உதிராது. ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் கழித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த "பாவம்" இருக்கிறதே, அது இரண்டு நாளாக உறுத்துகிறது. போன வாரம்தான் எமுலேட்டரில் (அந்த மெஷினைப்போல நடிக்கும் மென்பொருள்) கமடோரின் பார்டர் திறக்கும் வித்தையை மறுபடி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதமும் வந்தது.

1982-ல் வந்த மெஷின் அது. திரையைச் சுற்றி ஒரு பட்டை, அதுதான் பார்டர், அங்கே வெறும் நிறம்தான், படம் வராது. படம் வரையும் விஐசி-2 சிப் மேலிருந்து வரிவரியாக இறங்கி வரும். 25 வரிசை எழுத்து என்று வைத்திருந்தால் 251-ஆவது வரியில் கீழ்ப்பட்டையைத் தொடங்கும், 24 என்றால் 247-லேயே. இந்த சிப் ஒரு தினுசான வாட்ச்மேன். சொன்ன நேரம் டாண் என்று வந்தால்தான் கேட்டைப் பூட்டுவார், தாண்டிப்போய்விட்டால் பூட்ட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. சரி, 25 என்று சொல்லி வைத்துவிட்டு, 249-ஆவது வரி வந்ததும் நைசாக 24 என்று மாற்றுங்கள். 247 போயாச்சு. 251 வரும்போது அது அவர் கணக்கில் பூட்டும் நேரமில்லை. கேட் திறந்தே கிடக்கிறது, படமே வராத இடத்தில் ஸ்ப்ரைட்டுகள், அதாவது தனியாக நகரும் குட்டிப் படங்கள், உலாவுகின்றன! (அடுத்த சுற்றுக்குள் மறக்காமல் 25-க்குத் திருப்பிவிட வேண்டும்.) பக்கவாட்டுப் பட்டை இன்னும் கொடுமை, ஒவ்வொரு வரியிலும் ஒரு சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) பிசகாமல் இதைச் செய்ய வேண்டும். ஐரோப்பிய மாடலில் ஒரு வரிக்கு 63 சைக்கிள், அதிலும் எழுத்து வரும் பகுதியில் எட்டு வரிக்கு ஒருமுறை சிப் தன் வேலைக்கு 40-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உங்களுக்கு விடும்.

செய்தவனே யோசிக்காத கதவை விடலைப் பையன்கள் கண்டுபிடித்துத் திறந்திருக்கிறார்கள், அவர்களைப் போய் பாவம் என்கிறீர்கள். தட்டச்சு செய்தேன், ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, உள் லூப்பில் எத்தனை சைக்கிள் போகிறது என்று ஒருநாளாவது எண்ணினீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்த வயதில் எண்ணவில்லை.

எனக்கு கமடோரெல்லாம் வாய்க்கவில்லை. 1996-ல் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டும், மணிக்கு 20 ரூபாய். அசெம்ப்ளர் கிடையாது, ஆனால் டாஸோடு டிபக் என்ற குட்டி நிரல் இருந்தது, அதில் 'ஏ' தட்டி ஒவ்வொரு வரியாக அடிப்பேன். எந்த நிறத்தை மாற்றுவது என்று கேட்கும் 3சி8 போர்ட்டுக்கு சைபர், அதாவது கறுப்பு. பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக அளவு கேட்கும் 3சி9-க்கு 3எஃப், சைபர், சைபர். அதாவது கறுப்பு என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இனி முழுச் சிவப்பு. ஓடு என்று 'ஜி' தட்டினேன். திரை மொத்தமும் ரத்தம் மாதிரி ஆகி, என் முகத்திலும் பின்சுவரிலும் சிவப்பு விழுந்தது. சென்டர் அண்ணன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "மானிட்டரை எரிச்சிட்டியேடா!" எரியவில்லை, மறுபடி போட்டதும் பழைய கறுப்பு வந்துவிட்டது, அதற்கும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். மிச்ச முக்கால் மணி நேரக் காசும் போச்சு.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் தெருவில் பார்த்துக் கூப்பிட்டார். உள்ளே யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அதே மாதிரி பச்சை வருமாடா?" என்று கேட்டார்.

சைபர், 3எஃப், சைபர்.