மாமியார் யாரோடு கடலுக்குப் போனார்?

வாசகியின் கடிதம்:

“எனக்கு வயது 31. மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள். எங்கள் ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குச் சங்கம் நடத்தும் ஒரு கத்தோலிக்க அக்காவோடு சேர்ந்து மூன்று ஆண்டுகளாக உழைத்து வருகிறேன். அமெரிக்காவில் ஏழைகளுக்காக வாழ்ந்த டாரதி டே அம்மையாரைப் பற்றி அவர்தான் சொன்னார். அதைக் கேட்டது முதல் என் மனமே மாறிவிட்டது. வருகிற பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் நானும் மகளும் ஞானஸ்நானம் பெற விரும்புகிறோம். கணவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். மாமியார்தான் தடையாக நிற்கிறார். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘நாளைக்கு நான் செத்தா எவ வந்து நிப்பா’ என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார். சங்கக் கூட்டம் இருக்கும் நாள்களில் நான் பாசிக்குப் போவதில்லை, அவர் மட்டும் போய் வருகிறார். அன்று மாலை கோபம் இன்னும் அதிகமாக இருக்கும். அவர் சம்மதத்துக்காக நான் காத்திருக்க வேண்டுமா? சாதிச் சான்றிதழிலும் சொத்திலும் சிக்கல் வருமா? டாரதி டே விசுவாசத்துக்காகக் காதலித்தவரையே இழந்தாரே, நான் ஒரு மாமியாரின் கோபத்தைத் தாங்கக் கூடாதா?”
— பெயர் வெளியிட வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்து நான் மகிழ்ந்திருப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ‘துணிந்து செய்யுங்கள் தாயே, மாமியார் காலப்போக்கில் மாறுவார்’ என்று எழுதினால் உங்களுக்கும் இனிக்கும், எனக்கும் வேலை சுலபமாக முடியும். அப்படி எழுத மனம் வரவில்லை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். கூட்டம் இருக்கும் நாள்களில் மாமியார் மட்டும் பாசிக்குப் போய் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கோபத்துக்கு ஓர் அடையாளமாகத்தான் நீங்கள் அதைச் சொல்கிறீர்கள். அந்தக் கடற்கரையை அறிந்த எவரும் அந்த வரியை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது.

பாசி எடுப்பது என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, வள்ளத்தில் தீவோரம் போய் நெஞ்சளவு நீரில் இறங்கி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுக்க வேண்டும். துணியையும் மீறிக் கை கிழியும். சொறிமீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். இவ்வளவுக்கும் மேலே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறைப் படகு வருகிறதா என்று ஒரு கண் எப்போதும் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிபட்டால் அன்றைய பாசி போய்விடும். ஒருத்தி முங்கும்போது இன்னொருத்தி மேலே நின்று பார்ப்பதற்காகத்தான் அக்காவும் தங்கையும், தாயும் மகளும், மாமியாரும் மருமகளும் என்று சேர்ந்து போகிறார்கள். வள்ளத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருந்திருப்பார்கள். அவரவர் பையை நிறைக்கும் அவசரம் அவரவருக்கு. முங்கிய கிழவி எழுந்தாளா என்று பார்க்க வேண்டியவள் நீங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பாசி எடுக்கும் பெண்களின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

இது எனக்குக் கோபமூட்டுகிறது, மறைக்க மாட்டேன். உங்கள் அக்காவின் மேலும் எனக்குக் கோபம்தான். கடல்நீர் உள்வாங்கும் நீர்வற்றுக் கணக்கைப் பார்த்து மாதத்தில் சில நாள்கள்தான் இந்தப் பெண்கள் கடலுக்குப் போக முடியும் என்பது அந்தச் சங்கத்துக்குத் தெரியாதா? பாசி எடுக்கிற நாளில் கூட்டம் வைத்தால் அந்தக் கூட்டத்துக்கு யார் வருவார்? வயிற்றுப்பாட்டை வேறொருத்தியின் தலையில் வைத்துவிட்டு வர முடிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். அந்தச் சங்கம் யாருக்காக நடக்கிறதோ அந்தப் பெண் அன்று நீருக்குள் இருக்கிறார். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை மூன்று ஆண்டுகளில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி டாரதி டேயிடம் வருவோம். அவர் காதலித்தவரை இழந்தது உண்மை. நீங்கள் எழுதியிருப்பது பாதிக் கதை.

1926 மார்ச்சில் டாரதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தகப்பனாகிய ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாமுக்குக் கடவுளிலும் நம்பிக்கை இல்லை, திருமணத்திலும் நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு 1927 ஜூலையில் ஞானஸ்நானம் ஆயிற்று. டாரதி தனக்கு வாங்கிக்கொண்டது அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி. இடையில் இருந்த அந்த மாதங்களில் வீட்டில் சண்டை, ஃபார்ஸ்டர் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. டாரதி எதையும் மறைக்கவில்லை. இழக்கப் போகிறோம் என்று தெரிந்தே, தன் சொந்த இழப்பாக அதை ஏற்றார். அதன் பிறகுதான் 1933 மே 1ஆம் தேதி பீட்டர் மொரினோடு சேர்ந்து, பிரதி ஒரு சென்ட் விலைக்கு ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ பத்திரிகையைத் தொடங்கியதும், வேலையற்றவர்களுக்குச் சோறும் படுக்கையும் தரும் இல்லங்களை நடத்தியதும், பலமுறை சிறை சென்றதும். 1973இல் கலிஃபோர்னியப் பண்ணைத் தொழிலாளர்களோடு நின்று கடைசியாகக் கைதானபோது அவருக்கு வயது 75.

சிறை சென்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். உங்கள் அக்காவும் சொல்லியிருப்பார். இதைச் சொன்னாரா என்று தெரியவில்லை: 1959இல், ஃபார்ஸ்டரோடு பிற்காலத்தில் வாழ்ந்த நானெட் என்ற பெண்ணுக்குப் புற்றுநோய் முற்றியது. டாரதிக்கு அப்போது 62 வயது ஆகப் போகிறது, நாடறிந்த பெயர், தலைக்கு மேல் வேலை. தன்னைப் பிரிந்த மனிதனின் வீட்டுக்குப் போய், அவனோடு வாழ்ந்த பெண்ணின் படுக்கையருகே இருந்து, 1960 ஜனவரியில் அவர் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டார். சட்டப்படி அந்தப் பெண் டாரதிக்கு யாருமில்லை. உங்கள் மாமியார் உங்கள் கணவரைப் பெற்றவர், உங்கள் மகளுக்கு அப்பத்தா. டாரதி டேயைப் பின்பற்ற விரும்புகிறவர் எந்தப் பக்கத்தைப் பின்பற்றுகிறார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாவட்டத்திலேயே இதைப் பற்றி யோசிக்க ஒரு மண் இருக்கிறது. ஓரியூருக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போர்த்துக்கீசியக் குருவான புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்டு இறந்த இடம். காரணம் ஒரு ஞானஸ்நானம். நோய் தீர்ந்து கிறிஸ்தவத்துக்கு வந்த மறவர் தலைவர் தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் அரண்மனையில் முறையிட்டாள். நாம் அருளானந்தரின் பாடுகளை நினைத்து செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறோம், நானும் பூசியிருக்கிறேன். அந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பெண்கள் அதன் பிறகு எங்கே போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்று ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. குருவானவர்களுக்கு இது பிடிக்காத கேள்வியாக இருக்கலாம், கேட்கத்தான் வேண்டும். தான் பெறும் ஞானஸ்நானத்துக்கு மனிதன் தானே விலை கொடுத்தால் அது அவனுடைய காணிக்கை. வீட்டில் இருக்கும் பலவீனமான ஒருத்தி அந்த விலையைக் கொடுக்கும்படி விட்டுவிடுவதை நான் காணிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மாமியாருக்கு இயேசுவின் மேல் கோபம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றது தொடங்கிக் கிட்டத்தட்ட 500 ஆண்டுகளாகக் கோவிலும் குருசடியும் உள்ள கரை அது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் இந்துத் தெருக்களிலும் இருக்கிறார்கள். ‘நாளைக்கு நான் செத்தா எவ வந்து நிப்பா’ என்று அவர் கேட்டதை நீங்கள் வம்புப் பேச்சாக எழுதியிருக்கிறீர்கள். அது நேரான கேள்வி. அவருடைய மகன் கடலில் இருப்பவன். எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் எப்போது வீடு திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாது. சாவு வீட்டில் நிச்சயமாக இருக்கக்கூடியவள் மருமகள் ஒருத்திதான். அந்த மருமகளோ கடலிலும்கூட இப்போது பக்கத்தில் இல்லை. அந்தக் கிழவி தனக்குக் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

சட்டக் கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம். உங்கள் சாதி என்ன என்று எழுதவில்லை. பட்டியல் சாதியானால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானபின் அந்தத் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கோவிலுக்கும் போய்வந்துகொண்டு, வேலைக்காக மட்டும் பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே இரண்டு பெயர், இரண்டு சான்றிதழ் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மற்ற சாதியானால் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். சொத்தைப் பொறுத்தவரை, மதம் மாறியதால் உங்கள் பிறந்த வீட்டுப் பங்கு போகாது. மாறியபின் உங்களுக்குப் பிறக்கும் குழந்தைகள், இந்து உறவினர் இறந்து அவர் சொத்து வாரிசுகளுக்கு வரும் நேரத்தில் தாங்கள் இந்துவாக இல்லையென்றால், அதில் வாரிசுரிமை கோர முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அது. இந்துத் திருமணச் சட்டம் மனைவி மதம் மாறினால் கணவன் மணவிலக்குக் கேட்க இடம் தருகிறது. இதையெல்லாம் அறிந்துதான் உங்கள் கணவர் ‘உன் இஷ்டம்’ என்றாரா, படகுக்குப் போகிற அவசரத்தில் சொன்னாரா? உட்காரவைத்து இன்னொரு முறை பேசுங்கள்.

மகளைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. இப்போது அவளுக்கு வேண்டாம். ஏழு வயது நிறைந்து விவரம் தெரிந்த பிள்ளையைத் திருச்சபைச் சட்டமே பெரியவர்களைப் போல நடத்துகிறது. கற்றுக்கொண்டு தன் வாயால் கேட்க வேண்டும். அந்த வயதுக்கு அவளுக்கு அதிக நாள் இல்லை. அப்பத்தாவும் அம்மாவும் பேசாத வீட்டில், ஒருவர் பக்கம் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீங்கள் வயது வந்தவர். மாமியாரின் சம்மதம் உங்களுக்குத் தேவையில்லை, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் இந்தப் பாஸ்காவை விட்டுவிடுங்கள் என்பேன். கடிதத்தில் அக்கா இருக்கிறார், சங்கம் இருக்கிறது, டாரதி டே இருக்கிறார். இயேசுவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை, ஞானஸ்நானத்துக்கு முன் படிக்க வேண்டிய ஞானோபதேசம் படித்ததாகவும் இல்லை. ஒரு நல்ல பெண்மணியின் மேல் ஏற்பட்ட மரியாதை ஞானஸ்நானத்துக்குப் போதாது. பங்குத்தந்தையிடம் நேரில் போய், அடுத்த பாஸ்காவரை முறையாகப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் அவசரப்படுத்த மாட்டார். படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

மாமியாரிடம் விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். அடுத்த நீர்வற்றுக்கு அவர் துணியைச் சுற்றும்போது நீங்களும் சுற்றிக்கொண்டு கூடவே போங்கள். இரண்டு மூன்று முறை போனபின், அவர் பேசினாலும் பேசாவிட்டாலும், ‘உங்க மகன் வர நேரமானாலும் நான் நிப்பேன், குளிப்பாட்டுவேன், வாசல்வரைக்கும் தூக்கிவிடுவேன்’ என்று சொல்லுங்கள். கிறிஸ்தவ மருமகள் இதைச் செய்யக் கூடாது என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் இல்லை. கொள்ளி வைப்பது மகனுடைய கடமை. அதில் நீங்கள் தலையிட வேண்டியதும் இல்லை, விலகி ஓட வேண்டியதும் இல்லை.

அக்காவிடமும் ஒரு வேலை இருக்கிறது. இனிமேல் சங்கக் கூட்டத்தைப் பாசி எடுக்காத நாளில், மாலையில் வைக்கச் சொல்லுங்கள்; முதல் கூட்டத்துக்கு உங்கள் மாமியாரை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள். நாளை மாற்ற முடியாது என்று அவர் சொன்னால், என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.