பார்டர் அலையலையாக நிற்கிறதா? ஓரத்தை அளக்காதீர்கள், நடுவை அளங்கள்

கேள்வி: கட்டில் அளவுக்கு ஒரு குயில்ட் (ஒட்டுத்துணி மேல்பக்கம், நடுவே பஞ்சு, கீழே ஒரு துணி என மூன்று அடுக்குப் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுத்துணிகளால் ஆன நடுப்பகுதி தரையில் நன்றாகப் படிந்தது. நான்கு பக்கமும் பார்டர் வைத்தபின் ஓரம் அலையலையாக எழும்பி நிற்கிறது. நீளமான துண்டை ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதை வெட்டினேன். இஸ்திரி போட்டும் படியவில்லை. பஞ்சு வைத்து, அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்டிங் செய்தால் சரியாகிவிடுமா, அல்லது பிரிக்க வேண்டுமா?

பதில்: பிரித்துவிடுங்கள். குயில்டிங்கில் எல்லாம் அடங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். சிறிய தொய்வு அடங்கும், உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அலை மேல்துணியிலேயே இருந்தால், அது குயில்டிங் தையலுக்கு நடுவே மடிப்பாக விழும். அதன்பிறகு மூன்று அடுக்கையும் பிரிக்க வேண்டியிருக்கும். இப்போது பிரிக்க வேண்டியது பக்கத்துக்கு ஒரே ஒரு தையல் வரிசை.

பிரிப்பதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். குயில்ட்டைத் தரையில் இழுக்காமல் விரித்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒருமுறையும் பக்கவாட்டு ஓரத்தில் ஒருமுறையும் அளங்கள். நடுவில் 72 அங்குலம், ஓரத்தில் 73½ அங்குலம் என்று வந்தால் அந்த ஒன்றரை அங்குலம்தான் உங்கள் அலை. அதற்குப் போக இடம் இல்லை, அதனால் எழும்பி நிற்கிறது. இஸ்திரி நீளத்தைக் குறைக்காது. அழுத்தித் தேய்த்தால் கூட்டவும் செய்யும்.

இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து. முதலாவது, நடுப்பகுதியின் ஓரம். தைக்கும்போதும் தூக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் அதிகம் இழுபடுவது அதுதான். துண்டுகளின் கிராஸ் வெட்டு (நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய பக்கம்) ஓரத்தில் வந்திருந்தால் இன்னும் நீளும். நீண்டுபோன அந்த ஓரத்தை அளவாக வைத்து பார்டரைத் தைத்தால், பார்டரும் அந்தத் தவறான நீளத்தையே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, இயந்திரம். கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை முன்னே தள்ளுகின்றன, மேலே இருக்கும் பாதம் மேல்துணியைச் சற்றே பிடித்து நிறுத்துகிறது. அதனால் அடித்துணி கொஞ்சம் அதிகமாக உள்ளே போகும். அளந்து வெட்டாத பார்டர் அடியில் இருந்தால், தைக்கத் தைக்க நீளம் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சியதைக் கடைசியில் வெட்டுவதால் எவ்வளவு ஏறியது என்பதும் உங்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே பார்டரின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது நடுப்பகுதியின் உட்புறம். பிரித்தபின் நடுப்பகுதியை மெதுவாக இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. தரையில் விரித்து நீளத்தை மூன்று இடங்களில் அளங்கள்: நடுவில் ஒன்று, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே இருபுறமும் ஒவ்வொன்று. 72, 72¼, 72½ என்று வந்தால் சராசரி 72¼. இரண்டு பக்க பார்டர்களையும் அந்த அளவுக்கே வெட்டுங்கள், ஒன்றுகூட மாறக் கூடாது. மூன்று அளவுகளுக்குள் ஓர் அங்குலத்துக்கும் மேல் வித்தியாசம் வந்தால் பார்டரை ஒத்திவைத்துவிட்டு உள்ளே இருக்கும் தையல்களைப் பாருங்கள். துண்டின் ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஓட வேண்டிய தையல் எங்கோ விலகியிருக்கிறது.

பார்டரிலும் நடுப்பகுதியிலும் பாதி, கால், முக்கால் என்று புள்ளி வைத்து, புள்ளியோடு புள்ளி சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். முனைகளில் தொடங்குங்கள், பிறகு மையம், பிறகு இடைவெளிகள். ஓரம் பார்டரைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த அதிகத்தைக் குண்டூசிகளுக்கிடையே சமமாகப் பிரித்துவிடுங்கள். தைக்கும்போது நீளமான துணி அடியில் இருக்கட்டும். இதுவரை உங்களைக் கெடுத்த அதே பற்கள் இப்போது அந்த அதிகத்தை உள்வாங்கிக்கொள்ளும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது இரண்டு அடுக்கையும் ஒரே வேகத்தில் தள்ளுவதால் இந்த உதவி கிடைக்காது, முழு வேலையையும் குண்டூசிகள்தான் செய்ய வேண்டும்.

இரண்டு பக்கமும் தைத்து, இஸ்திரி போட்ட பிறகே மேல், கீழ் பார்டர்களுக்கு அளவு எடுங்கள். அகலத்தையும் அதேபோல மூன்று இடங்களில், தைத்த பார்டர்களையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டாவது பார்டர் வைப்பதாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து அளங்கள். பழைய எண்ணோடு கூட்டிக் கணக்குப் போடுகிறவர்களின் குயில்ட்டில் வெளி பார்டர்தான் அதிகம் அலைகிறது.

துணி வெட்டும் வாட்டமும் முக்கியம். கரைக்கு இணையாக, பாவு வாட்டத்தில் வெட்டிய துண்டு மிகக் குறைவாக நீளும். குறுக்கே ஊடை வாட்டத்தில் வெட்டியது சற்று நீளும், கிராஸில் வெட்டியது மிக அதிகமாக நீளும். துணி போதுமானால் பார்டருக்குப் பாவு வாட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். கட்டங்களைச் சாய்சதுரமாக அமைத்த குயில்ட்டில் ஓர இடைவெளிகளை நிரப்பும் முக்கோணங்களை, ஒரு சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்காக எடுங்கள். அப்போது நீளமான பக்கத்தில் நேர் வாட்டம் வரும். ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே ஒரு தையல் ஓட்டிவிட்டால் இன்னும் நல்லது.

குயில்டிங் முடிந்தபின் அலை வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். நடுவில் நெருக்கமாகவும் பார்டரில் தூரதூரமாகவும் தைத்திருந்தால் நடுப்பகுதி உள்ளிழுத்துச் சுருங்கும், பார்டர் சுருங்காமல் விரிந்து நிற்கும். பார்டரிலும் அதே நெருக்கத்தில் தையல் போடுங்கள். அப்போதும் மிச்சம் இருந்தால், விளிம்புக் கட்டு (வெட்டிய ஓரத்தை மூடும் பட்டை) தைப்பதற்கு முன், கால் அங்குலத்துக்கு உட்பட்டு மூன்று அடுக்கின் வழியாகவும் நீளமான ஓட்டுத் தையல் போட்டு, ஒரு நூலை மெல்ல இழுத்து ஓரத்தை நடு அளவுக்குக் கொண்டுவாருங்கள். விளிம்புப் பட்டையையும் அந்த அளவுக்கே குறித்துக்கொண்டு தையுங்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் வரை இப்படி அடக்கலாம் என்பது என் கணிப்பு, அதற்கு மேல் போனால் சுருக்கம் வெளியே தெரியும்.

விளிம்பும் கட்டி முடித்த குயில்ட் என்றால், நனைத்துத் தட்டையாக விரித்து, கையால் சதுரமாக்கிக் குண்டூசி குத்தி, அப்படியே காயவிடுங்கள். பருத்தித் துணியும் பருத்திப் பஞ்சும் சற்றுச் சுருங்குவதால் இலேசான அலை மறையும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு இருந்தால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், இழை உருகி அந்த இடம் தட்டையாகிவிடும்.