எஸ்.டி.பி. தண்ணீர் தெளிவாக இருந்தும் ஓடையில் மீன் சாவது ஏன்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து (எஸ்.டி.பி.) வரும் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது, வாடையும் இல்லை. அனுமதி வாங்கித்தான் பின்புறத்து ஓடையில் விடுகிறோம். பி.ஓ.டி. அறிக்கையும் சரியாக வருகிறது. ஆனால் ஆறு மாதமாக ஓடையில் பாசி படர்கிறது. இரண்டு முறை விடிகாலையில் மீன்கள் செத்து மிதந்தன. குளோரினைக் கூட்டிப் போடலாமா?

பதில்: கூட்டாதீர்கள். நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள், ஆனால் மிச்சமிருக்கும் மீனையும் அது கொன்றுவிடும். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூட இல்லாத அளவிலேயே அது மீனுக்கு விஷம். குளோரின் நோய்க்கிருமிகளைக் கொல்லத்தான். உங்கள் ஓடையின் நோய்க்கு அது மருந்தில்லை. போட்டே ஆகவேண்டுமென்றால், அரை மணி நேரம் தொட்டியில் நிறுத்தி வேலை முடிந்த பிறகு, சோடியம் பைசல்ஃபைட் போன்ற ஒன்றால் மிச்சக் குளோரினை முறித்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும்.

சரி, அப்படியானால் மீன் ஏன் சாகிறது?

வீட்டுக் கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மீதியுள்ள துளி அழுக்கை ஓடையில் இருக்கும் பாக்டீரியாக்களே தின்று செரித்துவிடும். ஆனால் தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதை மீனின் பங்கிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு லிட்டர், ஐந்து நாளில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் குடித்துவிடும். இந்தக் கணக்குத்தான் நீங்கள் சொல்லும் பி.ஓ.டி. ஓடையில் நடக்கவேண்டிய செரிமானத்தை ஓடைக்கு வெளியே, நம் செலவில், தொட்டிக்குள்ளேயே முடித்துவைப்பதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. முடிக்காமல் விட்ட பாக்கியெல்லாம் ஓடையின் தலையில் விழும்.

முதல் கட்டங்களில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் நிற்கும், அடுத்த தொட்டியில் மணல் படியும். பெரிய நிலையங்களில் அதற்கப்புறம் சுமார் இரண்டு மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைப்பார்கள். தண்ணீரில் கலந்து மிதக்கும் திடத்துகள்களில் பாதிக்கு மேல் அடியில் தங்கிவிடும். பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே அதிகம். மற்றதில் பெரும்பகுதி கரைந்தோ மிக நுண்ணிய துகளாகவோ கிடக்கிறது, எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் படியாது.

உயிர் இருப்பது காற்றூட்டும் தொட்டியில். 1914ல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். கழிவுநீரில் காற்றை ஊதி, படிந்த கசடைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். வாரக்கணக்கில் ஆன செரிமானம் ஒரு நாளுக்குள் முடிந்தது. அந்தக் கசடு குப்பையில்லை, பழக்கப்பட்ட உயிர்க்கூட்டம். இன்றைக்கும் பெரும்பாலான நிலையங்கள் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

உங்கள் தொட்டி எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒரு லிட்டர் அளவு உருளையில் காற்றூட்டும் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஆடாத இடத்தில் 30 நிமிடம் வையுங்கள். நல்ல கசடு சாக்லேட் நிறத்தில் இருக்கும்; மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். சில நிமிடங்களில் பஞ்சுத் துணுக்குகள் போலத் திரண்டு, ஒரே போர்வையாக இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றுப் போதவில்லை. இறங்கிய கசடு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குமிழிகளோடு கட்டியாக மேலே கிளம்பினால் பயப்படாதீர்கள்; அம்மோனியா நைட்ரேட்டாக மாறி, அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகப் பிரிகிறது என்று அர்த்தம். அதே காரியம், காற்றூட்டிய பிறகு கசடு படியும் கடைசித் தொட்டிக்குள் நடந்தால் மட்டும் கசடு வழிந்து வெளியே போய்விடும், அங்கிருந்து கசடை இன்னும் சீக்கிரமாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் அம்மோனியா மேல்தான். அது நிறமில்லாமல் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஐந்து நாள் பி.ஓ.டி. சோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. ஆனால் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக மாற சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு அரைகுறையானால் இது சாதாரணமாக வரும் அளவுதான். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 137 மில்லிகிராம் ஆக்சிஜன் கடன். ஓடைத் தண்ணீர் 18 லிட்டரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனும் அதற்கே போய்விடும்.

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை, காற்றுக் குறைந்தால் முதலில் சோர்ந்துபோவதும் அவைதான். நான் பார்க்கப்போன ஒரு வளாகத்தில் மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்கு, தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்திக் காலையில் போடுவார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, சோதித்தால் அம்மோனியா அப்படியே வந்துகொண்டிருந்தது. பொறுப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெளிவைத் தவிர வேறெதையும் பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உங்கள் ப்ளோயர் ராத்திரியில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். கசடை அளவுக்கு மீறி வெளியேற்றினால் இந்த மெதுவான பாக்டீரியாக்கள் பெருகுமுன்பே அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரின் காரத்தன்மையும், அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனும், இதில் செலவாகும்; ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 7 கிராமுக்குச் சற்று அதிகம், கால்சியம் கார்பனேட் கணக்கில். அது தீர்ந்தால் பி.ஹெச். இறங்கி, அதாவது தண்ணீர் அமிலமாகி, வேலை நின்றுவிடும்.

பாசிக்குக் காரணம் நைட்ரஜனோடு பாஸ்பரஸும். ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் சுமார் 100 கிராம் பாசி, அதுவும் உலர்ந்த எடையில், வளர முடியும். சாதாரணக் காற்றூட்டல் பாஸ்பரஸில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்துப் படியவைத்துக் கசடோடு பிரித்தெடுக்கலாம். பாசி பகலில் ஆக்சிஜன் தரும், ராத்திரியில் அதுவும் மூச்சுவிடும். விடியும்முன் ஓடையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். உங்கள் மீன்கள் விடிகாலையில் செத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பகலில் பாசி பி.ஹெச்.சை ஏற்றிவிடுவதால் அதே அம்மோனியாவின் விஷமும் மாலைக்குள் கூடிவிடும். இரண்டு பக்கமும் அடி.

இன்னொரு விஷயம், ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? 1912ல் பிரிட்டனின் அரசு ஆணையம் லிட்டருக்கு பி.ஓ.டி. 20, மிதக்கும் திடத்துகள் 30 மில்லிகிராம் என்று வகுத்தபோது, அதைப் போல எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் வகுத்தது. கோடையில் உங்கள் ஓடையில் உங்கள் தண்ணீர் மட்டுமே ஓடினால் அறிக்கையில் உள்ள எண் காப்பாற்றாது. அந்த மாதங்களில் முடிந்தவரை தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிடுங்கள். அதற்குமுன் வடிகட்டிக் கிருமி நீக்கியிருக்க வேண்டும்.

பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பும்போது பி.ஓ.டி.யோடு அம்மோனியா நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ், மிச்சக் குளோரின் மூன்றையும் கேளுங்கள். மிச்சக் குளோரின் நிற்காது, அதை மட்டும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். எல்லோரும் குளித்துத் துவைக்கும் நேரத்துக் கழிவுநீர் நிலையத்தைக் கடந்து வரும்போது மாதிரி எடுங்கள், மத்தியானம் ஓய்வாக இருக்கும்போது எடுத்தால் நல்ல எண்தான் வரும். அப்புறம், ஒரு நாள் சூரியன் எழுமுன் ஓடைக்குப் போய்க் கரைந்த ஆக்சிஜன் மீட்டரால் அளந்து பாருங்கள்: உங்கள் குழாய் கலக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே பல இடங்கள். ஆக்சிஜன் மிகக் குறைவது பெரும்பாலும் குழாய் வாயில் இல்லை, தண்ணீர் சில மணி நேரம் ஓடிய பிறகு, வேறு யாரோ வசிக்கும் கரையில். கீழே போகப்போக எண் இறங்கிக்கொண்டே வந்தால், திரும்ப ஏறும்வரை நடந்து அளந்துகொண்டே போங்கள். அந்த எண்களை அம்மோனியா அளவோடு சேர்த்து அனுப்பினால், ப்ளோயரை எத்தனை மணி நேரம் கூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.