பேருந்தில் வரும் பீதியும் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரையும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன், வயது 36. எட்டு மாதங்களுக்கு முன் கோவைக்குப் பேருந்தில் போனபோது, அவிநாசியைத் தாண்டியதும் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், உயிர் போய்விடும் என்று தோன்றியது. அதன் பிறகு மூன்று முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். தெரிந்த மருந்துக்கடைக்காரர் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை ஆறு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறேன். ஒன்றைச் சட்டைப் பையிலும் வைத்திருக்கிறேன். மனைவி உடன் வராமல் பேருந்தில் ஏற முடிவதில்லை. ஐந்து நாளில் ஆழ்மனத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் அழைத்துப் போவதாக நண்பர் சொல்கிறார்; 30,000 ரூபாய் ஆகுமாம். என் தந்தை சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். அவருக்கும் சில நாள் காலையில் இதே நடுக்கமும் வியர்வையும் வருகின்றன. இது பரம்பரையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதையும் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு வந்திருப்பது இதய நோயாகத் தெரியவில்லை. பீதி நோய் என்று நாங்கள் அழைக்கும், நன்கு அறியப்பட்ட, குணமாகக்கூடிய நோய் இது. மூன்று முறையும் உங்களிடம் "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது உண்மை. நோயே இல்லை என்பது உண்மையன்று. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எந்த மருத்துவமனையிலும் கிடைக்காததால்தான், சீட்டின் மூலையில் யாருக்கும் புரியாத கையெழுத்தில் நோயின் பெயரை எழுதிவிட்டு, நோயாளியை அடுத்த ஈசிஜிக்குத் திரும்பி வரும்படி விட்டுவிடுகிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் உங்களைப் போன்றவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்த அட்ரினலின் சுரக்கிறது. பீதி நோயில் அந்த எச்சரிக்கை மணி, திருடன் இல்லாத வீட்டில் அடித்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் விரல்களும் உதடுகளும் மரக்கின்றன, தலை சுற்றுகிறது. அந்த மரப்பைப் பார்த்து "பக்கவாதமோ, மாரடைப்போ" என்று நீங்கள் பயப்பட, அந்தப் பயம் மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; மீதிச் சிகிச்சை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

இனி அந்த மாத்திரை. பதற்றத்தைத் தணிக்கும் மருந்தான அல்பிரசோலத்தை விழுங்கினால் அது வேலை செய்யத் தொடங்கவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பீதியோ அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆனால் தானாக இறங்கிய அலைக்கான பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. "அது பையில் இருந்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. மனைவி உடன் வருவதிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் பயம் ஒரு படி வளர்கிறது.

இதைவிடப் பெரிய தீங்கு, தினமும் போடும் இரவு மாத்திரை. சில வாரங்களிலேயே உடல் இதற்குப் பழகிவிடும். பிறகு மாத்திரை குறையும்போது வரும் படபடப்பையே நோய் முற்றிவிட்டது என்று எண்ணி, அளவைக் கூட்டுவார்கள். 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் உங்களுக்கு ஆறு மாதமாகக் கிடைக்கிறது என்றால், சட்டம் இருப்பதால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது. தெரிந்தவர் என்பதால் அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அது உதவியல்ல. ஆனால் கவனியுங்கள்: இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். பல மாதங்கள் போட்ட இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டு, நடுக்கம் கண்டு, வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஐந்து நாள் ஆழ்மன வைத்தியத்துக்கு அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். இங்கே யார் வேண்டுமானாலும் "கவுன்சிலர்" என்றோ "மனசிகிச்சையாளர்" என்றோ பலகை மாட்டிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. அழைத்துப்போகும் நண்பருக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் உண்டு. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்றால் எம்.ஃபில். போன்ற பயிற்சியை முடித்து இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர். பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தாயத்து, மந்திரிப்பு, "கேஸ் பிரச்சினை"க்கான சூரணம் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

சரியான சிகிச்சையில் இரண்டு பகுதிகள் உண்டு. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகளை மருத்துவர் கொடுக்கலாம். இவற்றுக்கு அல்பிரசோலத்தைப் போன்ற அடிமைத்தனம் இல்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் நான்காம் நாளே மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்துவிட்டு மெதுவாக நிறுத்துவோம். வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது பகுதி உங்கள் கையில் இருக்கிறது. பேருந்தில் ஏறுங்கள். முதலில் இரண்டே நிறுத்தம், மனைவியுடன். பீதி வந்தால் இறங்காதீர்கள். பயம் பாதியாகக் குறையும் வரை இருக்கையிலேயே இருங்கள். அதே தூரத்தை வாரத்தில் நான்கைந்து நாட்கள் திரும்பத் திரும்பப் போய்ச் சலிப்புத் தட்டிய பிறகு அவிநாசி வரை போங்கள். அடுத்து மனைவி பின் இருக்கையில், அதற்கடுத்து நீங்கள் மட்டும், கடைசியாகச் சட்டைப் பையில் மாத்திரை இல்லாமல். படிக்கு அருகில் உள்ள இருக்கையையே தேடிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அலை எழும்போது பெரிய மூச்சாக இழுக்காதீர்கள். அது மரப்பைக் கூட்டும். இயல்பாக மூக்கால் இழுத்து, அதைவிட நீளமாக, மெதுவாக வெளியே விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் வழக்கம் வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால் வீட்டிலேயே மாடிப்படியில் விரைவாக ஏறி இறங்கிப் பாருங்கள். இதயம் படபடக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது என்பதை உடலே உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும். தேநீரும் காபியும் நாளுக்கு ஐந்தாறு என்றால் ஒன்றிரண்டாகக் குறையுங்கள்.

உங்கள் தந்தையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பதற்ற நோய்கள் சில குடும்பங்களில் கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காலையில் நடுக்கமும் வியர்வையும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பீதியை அல்ல, தாழ் சர்க்கரையை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு அல்லது இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு, இரவு சரியாகச் சாப்பிடாமலோ காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டோ இருந்தால், இதே படபடப்பு, இதே நடுக்கம், இதே வியர்வை வரும். அவரிடம் போய் "அப்பா, மூச்சை மெதுவாக விடுங்கள், தானாகவே போய்விடும்" என்று நீங்கள் சொன்னால் அது அவரை மயக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு இட்லியோ சோறோ சாப்பிடச் சொல்லுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இல்லையென்றாலும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை கூடுதல் சர்க்கரையால் வரும் கெடுதியைவிடத் தாழ் சர்க்கரையால் வருவது மிகப் பெரியது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று எழுதிவைத்து இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

உங்களுக்கான சிகிச்சைக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். பேசித் தெளிவு பெற 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனஸ் சேவையை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசுப் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். மருத்துவர் உங்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினாலே அரிது. அதனால் அரைப் பக்கத்தில் முதல் முறை எப்போது வந்தது, வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது, எந்த இடங்களைத் தவிர்க்கிறீர்கள், அல்பிரசோலம் எத்தனை மில்லிகிராம் எத்தனை மாதமாக என்று எழுதி, மாத்திரை அட்டையோடு கொண்டுபோங்கள். ஈசிஜி தாள்களைக் கட்டாகத் தூக்கிச் செல்லாதீர்கள். அவற்றைக் கண்டால் மறுபடியும் உங்களை இதயப் பிரிவுக்கே அனுப்பிவிடக்கூடும்.