கயோட்டி ஏன் வரவில்லை?

கேள்வி: ஆஸ்டினில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். சான் ஆஞ்சலோ பக்கம் நண்பர் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த, நரி போன்ற காட்டு விலங்கு) ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று மூன்று வார இறுதி காவல் இருந்தோம். முயல் கத்தும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டும் ஒன்றுகூட வரவில்லை. என்ன தப்பு?

பதில்: வரவில்லை என்று யார் சொன்னது? வந்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மேற்கு டெக்சாஸில் ஒரு பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். ஒரு ஜனவரி விடியலில் நானும் கூட்டாளியும் முயல் போலக் கத்தும் ஊதலை இருபது நிமிடம் ஊதிப் பார்த்துவிட்டு எழுந்தோம். திரும்பினால், எங்கள் முதுகுக்குப் பின்னால் முப்பது தப்படியில், உறைபனி மேல் புத்தம்புதுக் கால்தடம். வந்து, நின்று, மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் முன்பக்கத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

கயோட்டி காதை நம்பிக் கிளம்பும், மூக்கை நம்பித்தான் கிட்டே வரும். சத்தம் கேட்ட இடத்தைச் சுற்றி வளைத்து, காற்று போகிற பக்கம் வந்து மோப்பம் பிடிக்கும். அதனால் உட்காரும் முன் கொஞ்சம் பவுடரைத் தட்டி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி உட்காருங்கள். ஒலிபெருக்கியை உங்கள் மடியில் வைக்காமல், காற்று வரும் பக்கம் ஐம்பது தப்படி தள்ளி வையுங்கள். அது வளைந்து வரும்போது, உங்கள் வாடை எட்டுவதற்குள் கண்ணில் படும். இருவர் போனால் ஒருவருக்குக் காற்று போகிற பக்கத்தைப் பார்ப்பது மட்டுமே வேலை. அங்கே மறைப்பில்லாத வெளி இருக்க வேண்டும். புதர் மண்டியிருந்தால் பயனில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. வண்டியை மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள், கதவை அறையாதீர்கள். சூரியன் முதுகில் இருக்கட்டும். சத்தத்தை மெல்ல ஆரம்பியுங்கள். பக்கத்திலேயே ஒன்று படுத்திருக்கலாம். இருபது நிமிடம் பார்த்துவிட்டு இடம் மாற்றுங்கள். ஓடி வருவதைச் சுடாதீர்கள். வாயால் ஒரு குரை குரைத்தால் நின்று பார்க்கும், அப்போது சுடலாம். நான் குரைத்ததைக் கேட்டு என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள், அது வேறு விஷயம். அப்புறம், நாயா கயோட்டியா என்று சந்தேகம் இருந்தால் விசையில் விரல் போகக்கூடாது. அந்தப் பக்கம் ஆட்டு மந்தையோடு காவல் நாய்களும் திரியும்.

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. எச்1பி என்னும் தற்காலிக வேலை விசா என்றால் துப்பாக்கியைத் தொடும் முன் யோசியுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆட்டைத் தாக்கும் கயோட்டியைப் பண்ணைக்காரர் அனுமதியோடு சுட டெக்சாஸில் உரிமம் வேண்டாம் என்று நண்பர் சொல்வார். அவர் சொல்வது சரிதான், ஆனால் உங்களுக்கு அது போதாது. உரிமம் எடுத்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும்.