பத்தாவது தமிழ்நாடு போர்டு, பி.யு.சி. (நம்ம பிளஸ் டூ மாதிரி) கர்நாடகா. வெளிநாட்டுப் பல்கலைக்கு விண்ணப்பித்தால் சிக்கல் வருமா?

வராது. ஓசூர் பக்கம் இது சர்வசாதாரணம். பத்தாவது இங்கே, பி.யு.சி. அத்திப்பள்ளி தாண்டி, அப்புறம் பெங்களூரிலோ சேலத்திலோ டிகிரி. என் தம்பியும் இப்படி மூன்று இடத்தில் படித்தவன்தான். இப்போது ஜெர்மனியில் முதுகலை படிக்கிறான். அவன் பேப்பர் வேலையெல்லாம் நான்தான் கூட இருந்து பார்த்தேன்.

போர்டு மாறியதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. நீங்களே மார்க்கை ‘ஜிபிஏ’வாக, அதாவது கிரேடு சராசரியாக மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் வேண்டாத வேலை. மார்க் ஷீட்டில் இருப்பதை அப்படியே கொடுங்கள். கூடவே மொத்த மார்க் எவ்வளவு, பாஸ் மார்க் எவ்வளவு என்பதற்கும் ஆதாரம் வையுங்கள். பாஸ் மார்க் எதற்கு என்று தோன்றும். நம் மார்க்கை அவர்கள் கிரேடாக மாற்ற ஜெர்மனியில் பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1 தான் உச்சம், 4 வந்தால் ஜஸ்ட் பாஸ். நீங்கள் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ் மார்க் 35 என்றால் 1.69 வரும், 40 என்றால் 1.75. அதே 85தான்! அதனால் டிகிரி மார்க் ஷீட்டின் பின்பக்கம் கிரேடு விவரம் அச்சாகியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். நிறையப் பேர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு முழிக்கிறார்கள்.

முதுகலைக்கு டிகிரி மார்க்தான் பிரதானம். அதற்காகப் பத்தாவது மார்க் ஷீட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனி மாணவர் விசாவுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றிதழ்கள் அசல்தான் என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அதற்குப் பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாமே கேட்பார்கள்.

நீங்கள் 2021-ல் பத்தாவது முடித்தவர் என்றால் இன்னொன்று. கொரோனாவால் அந்த வருடம் தமிழ்நாட்டில் பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ், மார்க் ஷீட்டில் மார்க் கிடையாது. வெளிநாட்டுக்காரருக்கு இது எப்படித் தெரியும்? தலைமை ஆசிரியரிடம் பள்ளி லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் நான்கு வரி வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். அண்ணன், அக்கா யாராவது கேட்டாலும் சொல்லுங்கள்: தமிழ்நாடு பிளஸ் டூ 2018 வரை 1200-க்கு, 2019 முதல் 600-க்கு.

பிளஸ் டூ, பி.யு.சி. முடித்த கையோடு ஜெர்மனியில் இளங்கலை என்றால் கதை வேறு. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு வருடம் டிகிரி படித்து பாஸாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டூடியன்கொல்லெக் என்ற ஒரு வருடப் படிப்புதான் வழி.

உண்மையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போர்டை விடப் பெரிய தலைவலி இனிஷியல். பத்தாவதில் ‘சுரேஷ் எம்’, பி.யு.சி.யில் ‘எம் சுரேஷ்’, பாஸ்போர்ட்டில் ‘சுரேஷ் முனியப்பன்’. மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட் பெயரையே போடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு (டிகிரியின் எல்லா மார்க்கையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் பட்டியல்) இப்போதே எழுதிப் போடுங்கள், பல்கலைக்கழகத்தில் லேசில் நகராது. சீல் வைத்த கவரில் கொடுத்தால், ஆசைக்குக்கூடப் பிரித்துப் பார்க்காதீர்கள், பிரித்தால் செல்லாது.